என் வயசுதான் அந்த ஃபிலிமுக்கும்: கழுவாம விட்ட ரோல் என்ன ஆகும்?

எங்க வீட்டுல ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சாமி படத்துக்கு முன்னாடி ஒரு வரிசை இருக்கும். அப்பாவோட டூல் பாக்ஸ், வெர்னியர், ஸ்பேனர் செட், அம்மாவோட கத்தரிக்கோல், என் புக்ஸ், கடைசியா ஒரு கருப்பு கேமரா. கோடாக் கேபி10. அப்பா ஓசூர் சிப்காட்ல வேலைக்குச் சேர்ந்த புதுசுல போனஸ் காசுல வாங்கினது. வருஷா வருஷம் அதுக்குச் சந்தனம், குங்குமம் வைப்போம். மறுநாள் துடைச்சு பீரோ மேல திரும்ப வச்சிடுவோம். யாரும் அதைத் திறந்து பார்த்ததே இல்ல.

2025 ஆயுத பூஜைக்குத் துடைக்கும்போதுதான் கவனிச்சேன். மேல இருக்கிற சின்னக் கண்ணாடி ஜன்னல்ல 29னு நம்பர் நின்னுச்சு.

"அப்பா, உள்ள ரோல் இருக்கா?"

அப்பா கொஞ்ச நேரம் யோசிச்சார். "இருக்கும்டா. 36 போட்டோ ரோல். முடியட்டும், சேர்த்துக் கழுவக் குடுக்கலாம்னு வச்சிருந்தேன்."

"எப்ப எடுத்தது?"

"நீ பொறந்தப்ப."

நான் பொறந்தது 2004 ஜனவரி. அப்பாவோட அம்மாவை நாங்க ஆயான்னுதான் சொல்லுவோம். ஆயா 2005ல இறந்துட்டாங்க. என்னைத் தூக்கி வளர்த்தாங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க. ஆனா நானும் ஆயாவும் சேர்ந்து இருக்கிற ஒரு போட்டோகூட வீட்டுல கிடையாது. இப்பதான் காரணம் புரிஞ்சது. போட்டோ எடுத்திருக்காங்க, ஆனா கழுவல. ரோல்ல 7 பாக்கி இருந்துச்சு, "வேஸ்ட் ஆயிடும்"னு அடுத்த பொங்கலுக்கு வச்சாங்க. அதுக்குள்ள ஆயா போயிட்டாங்க, யாருக்கும் மனசு வரல. அப்புறம் வீட்டுக்கு கேமரா போன் வந்துடுச்சு.

நான் பின்பக்க மூடியைத் திறக்கப் போனேன். வீடியோ கால்ல இருந்த என் ஹாஸ்டல் ரூம்மேட் கத்தினான். "டேய், தொறக்காத! ஆயா காலி ஆயிடுவாங்க!" அவன் செகண்ட் ஹேண்ட் ஃபிலிம் கேமரா வச்சு படம் எடுக்கிற ஆளு. அன்னைக்கு ராத்திரியே உட்கார்ந்து இதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு இதுல கெமிஸ்ட்ரி, குவாண்டம், மெட்டீரியல் சயின்ஸ் எல்லாம் கலந்து கிடைச்சது. உங்க வீட்டு பீரோலயும் இப்படி ஒண்ணு தூங்கிட்டு இருக்கலாம், அதனால எழுதுறேன்.

ஃபிலிம்ல படம் எப்ப உருவாகுது?

நான் முதல்ல நினைச்சது தப்பு. லேப்ல கழுவும்போதுதான் படம் வருதுன்னு நினைச்சேன். உண்மையில படம் ஷட்டர் திறந்து மூடுற அந்த நொடியிலேயே பதிஞ்சிடுது. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இதுக்குப் பேர் மறைபடிமம்.

ஃபிலிம்னா என்ன? ஒரு பிளாஸ்டிக் பட்டை. அது மேல ஜெலட்டின் பூச்சு. அந்த ஜெலட்டினுக்குள்ள சில்வர் ஹேலைடு படிகங்கள் கோடிக்கணக்குல தூவி இருக்கும். பெரும்பாலும் சில்வர் புரோமைடு, கூட கொஞ்சம் அயோடைடு. ஒவ்வொரு படிகமும் ஒரு மைக்ரான் அளவு, அதாவது ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு.

படிகத்து மேல ஒளி விழும்போது ஒரு எலக்ட்ரான் விடுபடுது. அது படிகத்துல இருக்கிற ஒரு சின்னக் குறைபாட்டுல போய் மாட்டிக்குது. அந்த எலக்ட்ரானைத் தேடி படிகத்துக்குள்ள அலையுற ஒரு சில்வர் அயனி வரும். ரெண்டும் சேர்ந்தா ஒரு வெள்ளி அணு. அடுத்த போட்டான் வந்தா அதே இடத்துல இன்னொரு வெள்ளி அணு. இப்படித்தான் நடக்குதுன்னு கர்னியும் மாட்டும் 1938ல விளக்கினாங்க. ரெண்டு பேரும் இங்கிலாந்துல பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துல வேலை பார்த்தவங்க.

இதுல முக்கியமான நம்பர் 4. ஒரே ஒரு வெள்ளி அணு உருவானா அது நிலைக்காது, சில நொடியில திரும்ப அயனியாயிடும். ரெண்டு சேர்ந்தா கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். சுமார் 4 அணு ஒரே இடத்துல சேர்ந்தாதான் டெவலப்பர் அந்தப் படிகத்தைக் கண்டுக்கும். கண்டுக்கிட்டா, அந்த மொத்தப் படிகத்தையும் கருப்பு வெள்ளியா மாத்திடும். ஒரு படிகத்துல நூறு கோடிக்கு மேல சில்வர் அயனிகள் இருக்கும். அப்படின்னா 4 அணுவோட சிக்னலை டெவலப்பர் கோடிக்கணக்கான மடங்கு பெருசாக்கிக் காட்டுது. இசிஇ நண்பர்களே, இவ்வளவு கெய்ன் உள்ள ஆம்ப்ளிஃபையர் உங்க லேப்ல இருக்கா?

ஆக, கழுவாத ரோல்ல ஆயாவோட முகம்ங்கிறது லட்சக்கணக்கான படிகங்கள்ல ஒவ்வொண்ணுலயும் உட்கார்ந்திருக்கிற நாலைஞ்சு வெள்ளி அணுக்கள். அது அங்க 21 வருஷம் உட்கார்ந்திருக்கணும். உட்கார்ந்திருக்குமா?

மங்குறது ஒண்ணு, புகை படியுறது இன்னொண்ணு

நாள் ஆக ஆக ஃபிலிம்ல ரெண்டு வேலை ஒரே நேரத்துல நடக்குது. இதைப் பிரிச்சுப் புரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் ஈஸி.

முதல் வேலை, மங்குதல். காத்துல இருக்கிற ஆக்சிஜனும் ஈரப்பதமும் அந்த வெள்ளி அணுக்களை ஒவ்வொண்ணா திரும்ப அயனியாக்கும். 4 அணு இருந்த இடத்துல ஒண்ணு போய் 3 ஆனா, டெவலப்பரைப் பொறுத்தவரை அந்தப் படிகம் ஒளியே பார்க்காத படிகம். ஆனா எல்லா இடமும் ஒரே மாதிரி மங்காது. நல்ல வெயில் பட்ட இடத்துல 20, 30 அணு சேர்ந்திருக்கும், நாலஞ்சு போனாலும் பிரச்சனை இல்ல. நிழல் இடத்துல வெறும் 4, 5தான் இருக்கும், அதுதான் முதல்ல காணாமப் போகும். பாஸ் மார்க் 50னா, 51 எடுத்தவனுக்கு ரெண்டு மார்க் குறைஞ்சா அரியர். 90 எடுத்தவனுக்கு ஒண்ணும் ஆகாது. அதே கதைதான். அதனால பழைய ரோல்ல வெள்ளைச் சட்டை, வானம், நெத்தியில விழுந்த வெளிச்சம் நிக்கும். தலைமுடி, கண்ணு, சேலையோட மடிப்பு முதல்ல போகும்.

ரெண்டாவது வேலை, புகை. ஒளியே படாத படிகங்கள்லயும் வெப்பத்தாலயும் வேதி வினையாலயும் கொஞ்சம் கொஞ்சமா வெள்ளி அணுக்கள் சேரும். இயற்கையான கதிர்வீச்சும் இதே வேலையைப் பண்ணும். வானத்துல இருந்து காஸ்மிக் கதிர் வருது. கீழ பாறையில இருந்தும் வருது. கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட்டுக்குப் பேர் போனது இல்லையா? கிரானைட்ல இயற்கையாவே துளியளவு யுரேனியம், தோரியம், பொட்டாசியம் இருக்கும். பயப்பட வேண்டாம், நமக்கு அது ஒண்ணும் பண்ணாது. ஆனா ஃபிலிம் வருஷக்கணக்குல ஒவ்வொரு துளியையும் சேர்த்து வச்சுக்கும், அதுக்கு மறதி கிடையாது. கழுவினா நெகட்டிவ் முழுக்க ஒரு சாம்பல் படலம் வரும். அதைத்தான் ஃபாக்னு சொல்றாங்க.

நம்ம பாஷையில சொன்னா, சிக்னல் குறையுது, நாய்ஸ் ஏறுது. ரெண்டும் ஒரே நேரத்துல நடக்குது. இதனாலதான் "ரொம்ப நேரம் டெவலப்பர்ல போட்டா படம் வந்துடும்"ங்கிற ஐடியா பாதிதான் வேலை செய்யும். நேரத்தைக் கூட்டினா படமும் ஏறும், புகையும் ஏறும்.

கலர் ஃபிலிம்ல இன்னொரு சிக்கல். அதுல நீலம், பச்சை, சிவப்பு மூணுக்கும் தனித்தனி அடுக்கு. மூணும் ஒரே வேகத்துல கெடாது. அதனால பழைய கலர் ரோல் கழுவினா ஒண்ணு ஊதாவாகவோ பச்சையாகவோ சாயும். ஐஎஸ்ஓ நம்பர் கூடின ஃபிலிம் சீக்கிரம் கெடும், ஏன்னா அதோட படிகங்கள் பெருசு, ஒளியைச் சீக்கிரம் பிடிக்கிற மாதிரியே கதிர்வீச்சையும் சீக்கிரம் பிடிக்கும். 100 ஃபிலிம் தாங்கும் அளவுக்கு 800 தாங்காது.

அப்ப எத்தனை நாள்தான் வச்சிருக்கலாம்? சாதாரண ஃபிலிமை எடுத்து சில மாசம் கழிச்சுக் கழுவினா கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனா சில ஃபிலிம்கள் ரொம்ப சென்சிட்டிவ். இல்ஃபோர்டு கம்பெனி தன்னோட பான் எஃப் பிளஸ் ஃபிலிமை எடுத்த பிறகு 3 மாசத்துக்குள்ள கழுவிடச் சொல்லுது. தயாரிச்ச கம்பெனியே மாசக்கணக்குல பேசுது. நாம வருஷக்கணக்குல வச்சிருக்கோம்.

ஊட்டியில ஏன் ஃபிலிம் கம்பெனி வச்சாங்க?

நம்ம மாநிலத்துலேயே ஒரு காலத்துல ஃபிலிம் தயாரிச்சாங்கன்னு உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது. ஊட்டியில இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்னு ஒரு மத்திய அரசு நிறுவனம். 1960ல தொடங்கி, 1967ல உற்பத்திக்கு வந்தது. 'இந்து' பிராண்ட்ல பிளாக் அண்ட் ஒயிட் ரோல், எக்ஸ்ரே ஃபிலிம், போட்டோ பேப்பர் எல்லாம் வந்துச்சு. இந்துன்னா நிலா. கலர் ஃபிலிமும் அப்புறம் டிஜிட்டலும் வந்த பிறகு நஷ்டத்துல விழுந்து, கடைசியில மூடிட்டாங்க.

இடத்தைக் கவனிங்க. சென்னையில துறைமுகம் இருக்கு, கோயம்புத்தூர்ல தொழிற்சாலை இருக்கு. ஆனா இதை 2,200 மீட்டருக்கு மேல, மலை உச்சியில வச்சாங்க. குளிர்ந்த, தூசி இல்லாத காத்தும் சுத்தமான தண்ணியும் ஃபிலிமுக்கு அவ்வளவு முக்கியம்.

வெப்பம் ஏன் இவ்வளவு முக்கியம்? அர்ரீனியஸ் சமன்பாடு ஞாபகம் இருக்கா? முதல் வருஷ கெமிஸ்ட்ரில படிச்சு, எக்ஸாம் எழுதி, மறந்ததுதான். தோராய விதி ஒண்ணு உண்டு. வெப்பம் 10 டிகிரி கூடினா வேதி வினையோட வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு. இதை வச்சு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஃபிரிட்ஜ்ல 5 டிகிரியில வச்ச ரோலையும், 35 டிகிரியில கிடந்த ரோலையும் எடுத்துக்குவோம். வித்தியாசம் 30 டிகிரி. மூணு தடவை ரெண்டால பெருக்கணும், 8 மடங்கு. வெயில்ல ஒரு வருஷம் கிடந்தா, ஃபிரிட்ஜ்ல 8 வருஷம் கிடந்த மாதிரி. இது துல்லியமான கணக்கு இல்ல, கதிர்வீச்சுக்கு இது பொருந்தவும் பொருந்தாது. ஆனா அளவு புரியுது.

இப்ப நம்ம ஊருக்கு வாங்க. ஓசூர் கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், பெங்களூர் கிளைமேட். கிருஷ்ணகிரி அதுல ஏறக்குறைய பாதி உயரம்தான். ஏப்ரல்ல ஓசூர்ல பஸ் ஏறி சூளகிரி தாண்டி இறங்கினீங்கன்னா ஜன்னல் வழியா அடிக்கிற காத்தே மாறிடும். ஆயா வீடு அதுக்கும் கீழ, காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்புக்கு நடுவுல. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை. அந்த கேமரா முதல் சில வருஷம் அங்கதான் பீரோ மேல, ஷீட்டுக்கு நேர் கீழ இருந்திருக்கு. கணக்குப் போட்டதும் எனக்கு வயித்தைக் கலக்குச்சு.

மலை மேல மாசக்கணக்குல வச்ச பிளேட்

படம் பதிஞ்ச பிறகு கழுவாம காத்திருக்கிறதையே ஒரு ஆராய்ச்சி முறையா மாத்தினவங்களும் இருக்காங்க. அதுவும் இந்தியாவுல.

கல்கத்தா போஸ் இன்ஸ்டிட்யூட்ல டி.எம்.போஸும் பிபா சௌத்ரியும் 1930களோட கடைசியில ஒரு வேலை ஆரம்பிச்சாங்க. வானத்துல இருந்து வர்ற காஸ்மிக் கதிர்கள்ல என்னென்ன துகள் இருக்குன்னு பார்க்கணும். அதனால இல்ஃபோர்டு போட்டோகிராஃபிக் பிளேட்டுகளை டார்ஜிலிங், சந்தக்பூ மாதிரி உயரமான இடங்கள்ல மாசக்கணக்குல வச்சாங்க. கேமரா இல்ல, லென்ஸ் இல்ல. துகள் பிளேட்டுக்குள்ள புகுந்து போனா, போன வழியில இருக்கிற படிகங்கள்ல அதே வெள்ளி அணுக்கள் சேரும். கழுவினா புள்ளி புள்ளியா ஒரு தடம் தெரியும்.

துகள் வர்றது அரிது, அதனால நிறைய நாள் வைக்கணும். ஆனா நிறைய நாள் வச்சா முதல்ல விழுந்த தடம் மங்க ஆரம்பிக்கும், புகையும் ஏறும். என் அப்பாவோட ரோல்ல இருக்கிற அதே சிக்கல்தான். குளிர்ந்த மலை இந்த இடத்துல உதவுது. உயரத்துல துகளும் அதிகம், மங்குறதும் மெதுவு.

இந்த முறையில மீசான் துகளோட நிறை எலக்ட்ரானைப் போல சுமார் 200 மடங்குன்னு கணக்கிட்டு 1940, 41ல 'நேச்சர்' இதழ்ல எழுதினாங்க. அப்ப ரெண்டாம் உலகப்போர். இன்னும் நல்ல பிளேட் வேணும், ஆனா கிடைக்கல. போருக்கு அப்புறம் பிரிஸ்டல்ல செசில் பவல் குழு மேம்பட்ட பிளேட்டுகளை வச்சு 1947ல பையான் துகளைக் கண்டுபிடிச்சது. 1950ல பவலுக்கு நோபல் பரிசு. பிபா சௌத்ரி பேர் ரொம்ப நாள் யாருக்கும் தெரியாமலே இருந்துச்சு. 2019ல சர்வதேச வானியல் கழகம் ஒரு நட்சத்திரத்துக்கு 'பிபா'ன்னு பேர் வச்சது. ரொம்ப தாமதமா கழுவின படம் மாதிரி.

பனியில 33 வருஷம்

இன்னொரு கேஸ் எனக்கு நம்பிக்கை கொடுத்துச்சு. 1897 ஜூலையில ஆந்த்ரேங்கிற ஸ்வீடன்காரர் ரெண்டு பேரைச் சேர்த்துக்கிட்டு பலூன்ல வட துருவத்துக்குக் கிளம்பினார். மூணு பேருமே திரும்பல. 33 வருஷம் கழிச்சு, 1930ல, ஆர்க்டிக்ல ஒரு பனித்தீவுல அவங்க உடல்கள் கிடைச்சது. கூடவே கேமராவும் கழுவாத ஃபிலிமும். ஸ்டாக்ஹோம்ல ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் அதைப் பொறுமையா கழுவினார். 240 படங்கள்ல 93 பிழைச்சது. பனியில விழுந்து கிடக்கிற பலூன், பக்கத்துல நிக்கிற மனுஷங்க. இன்னைக்கும் நெட்ல பார்க்கலாம்.

33 வருஷம் தாங்கினது எப்படி? குளிர். அந்தத் தீவே ஒரு பெரிய ஃப்ரீசர். ஆக, "எத்தனை வருஷம் ஆச்சு?"ங்கிறதை விட "எங்க இருந்துச்சு?"ங்கிறதுதான் பெரிய கேள்வி. ஆர்க்டிக்ல 33 வருஷத்தை விட, ஷீட் கூரைக்குக் கீழ 5 வருஷம் மோசமா இருக்கலாம்.

கேமராக்குள்ளேயே விட்டா இன்னும் என்ன ஆகும்?

ரோல் முடிச்சு டப்பாவுல போட்டு வைக்கிறதும், பாதி ரோலை கேமராக்குள்ள விடுறதும் ஒண்ணு இல்ல. கேபி10 மாதிரி கேமராவுல எடுக்க எடுக்க ஃபிலிம் கேசட்டை விட்டு வெளிய வந்து எதிர்ப்பக்கச் சுருள்ல சுத்தும். அதாவது எடுத்த படங்கள் எல்லாம் கேசட்டோட பாதுகாப்புக்கு வெளிய நிக்குது. கேமராவோட மூடி மட்டும்தான் கதவு.

அந்தக் கதவோட ஓரத்துல ஒளி புகாம இருக்க ஃபோம் வச்சிருக்கும் கேமராக்கள் நிறைய. வருஷம் ஆனா அது தார் மாதிரி உருகி உதிரும். ஒளி கசிய ஆரம்பிக்கும். முதல் அடி சுருளோட வெளிச்சுத்துக்கு, அதாவது கடைசியா எடுத்த படங்களுக்கு. முதல்ல எடுத்தது சுருளோட உள்ள இருக்கிறதால தப்பிக்கும்.

அடுத்தது பேட்டரி. ஃபிளாஷுக்குப் போட்ட பென்சில் பேட்டரி கசிஞ்சா பச்சையா உப்பு பூத்து, காண்டாக்ட் எல்லாம் அரிச்சிடும். எங்க கேமராவுல அதுவும் நடந்திருந்தது. அப்புறம் மழைக்காலம். ஜெலட்டின் மாட்டு எலும்பு, தோல்ல இருந்து வர்ற புரதம், பூஞ்சைக்கு அது விருந்து. கடைசியா, ஃபிலிம் ஒரே இடத்துல வருஷக்கணக்குல வளைஞ்சு நின்னா அந்த மடிப்பு அப்படியே தங்கிடும்.

உங்க வீட்டுல ரோல் கிடைச்சா

நான் கத்துக்கிட்டதை வரிசையா சொல்றேன்.

1. மூடியைத் திறக்காதீங்க. ரீவைண்ட் கைப்பிடியை லேசா சுத்திப் பாருங்க. இறுக்கமா இருந்தா உள்ள ரோல் இருக்கு.

2. மீதி படங்களை எடுத்து முடிச்சுடலாம்னு ஆசைப்படாதீங்க. பழைய ஃபிலிம் மொறுமொறுன்னு ஆகியிருக்கும், இழுக்கும்போது கிழியலாம். புதுசா எடுக்கிற படமும் நல்லா வராது.

3. அடியில இருக்கிற ரீவைண்ட் பட்டனை அமுக்கிக்கிட்டு, கைப்பிடியை ரொம்ப மெதுவா சுத்துங்க. டக்னு ஒரு விடுபட்ட உணர்வு வந்து, கைப்பிடி லூஸா சுத்துச்சுன்னா ரோல் கேசட்டுக்குள்ள போயிடுச்சு. நடுவுல சிக்கினா பலம் காட்டாதீங்க. கேமராவோட அப்படியே லேபுக்குக் கொண்டு போங்க, அவங்க இருட்டுல திறந்து எடுப்பாங்க.

4. உடனே கழுவ முடியலன்னா ஜிப் கவர்ல போட்டு, உள்ள சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒண்ணு வச்சு, ஃபிரிட்ஜ்ல வைங்க. வெளிய எடுத்ததும் கவரைத் திறக்காம ரெண்டு மூணு மணி நேரம் விடுங்க. இல்லன்னா குளிர்ந்த ஃபிலிம் மேல தண்ணி கோர்த்துக்கும்.

5. ஃபிளைட்ல கொண்டு போறதா இருந்தா லக்கேஜ்ல போட்டு செக்-இன் பண்ணாதீங்க. எக்ஸ்ரே மேல மேல புகையை ஏத்தும். கழுவின நெகட்டிவுக்கு இந்தப் பிரச்சனை இல்ல.

6. லேப்ல உண்மையைச் சொல்லுங்க. எந்த வருஷம் எடுத்தது, எங்க வச்சிருந்தது, ரோல் மேல என்ன எழுதியிருக்கு, எல்லாம். கோடாக்குரோம்னு எழுதியிருந்தா அதைக் கலரா கழுவுற கடைசி லேப், அமெரிக்காவுல, 2010 டிசம்பரோட நிறுத்திடுச்சு. இனி அது பிளாக் அண்ட் ஒயிட்தான்.

7. ஒண்ணுமே தெரியலன்னாலும் நெகட்டிவைத் தூக்கிப் போடாதீங்க. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசத்தை நல்ல ஸ்கேனர் பிடிக்கும். கழுவிட்ட பிறகு நேரம் உங்க பக்கம். கழுவாத வரைக்கும் அது எதிர்ப்பக்கம்.

29ல 11

ரோலைப் பெங்களூர்ல ஒரு லேபுக்குக் கொண்டு போனேன். அங்க இருந்தவர் ஒரு கேள்வி கேட்டார். கலர் ஃபிலிமுக்கு வழக்கமான முறை சி-41. 37.8 டிகிரியில டெவலப்பர்ல 3 நிமிஷம் 15 நொடி. அதுல போட்டா கலர் வரலாம், ஆனா 21 வருஷப் புகையில எதுவுமே தெரியாம போகவும் வாய்ப்பு இருக்கு. பிளாக் அண்ட் ஒயிட் டெவலப்பர்ல போட்டா, புகையை அடக்குற ரசாயனம் சேர்த்து, கொஞ்சம் நல்லா எடுக்கலாம். ஆனா கலர் நிரந்தரமா போயிடும். ஒரே ரோல், ஒரே தடவை. எது வேணும்?

அப்பாவுக்குப் போன் பண்ணேன். ஷிஃப்ட்ல இருந்தார், பின்னாடி மெஷின் சத்தம். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னார், "கலர் எனக்கு ஞாபகம் இருக்குடா. முகம் வந்தா போதும்."

பத்து நாள் கழிச்சு ஸ்கேன் வந்துச்சு. 29ல 11ல ஏதோ தெரியுது. கடைசி நாலும் ஒளி கசிஞ்சு வெறும் வெள்ளைப் பட்டை. அப்பா ரொம்ப எதிர்பார்த்தது 14ஆவது படம், வீட்டுக்குள்ள ஆயா என்னை மடியில வச்சிருக்கிறது. அதுல என்னைச் சுத்தியிருந்த வெள்ளைத் துணியும், ஆயாவோட கையில ஒரு வளையலோட பளபளப்பும் மட்டும் நிக்குது. முகம் இருந்த இடத்துல வெறும் மணல். அந்தச் சின்ன ஃபிளாஷ் அங்க சேர்த்த அணுக்கள் 51 மார்க் எடுத்தவை போல.

ஆனா 6ஆவது படம் வெளியில, தோப்புல எடுத்தது. மதிய வெயில். ஆயா கண்ணைச் சுருக்கிக்கிட்டு கேமராவைப் பார்க்கிறாங்க. தோள்ல நான், பார்க்கவே முடியாத அளவுக்கு அழுதுட்டு இருக்கேன். படம் முழுக்க கொரகொரன்னு இருக்கு, ஓரத்துல ஒரு மடிப்புக் கோடு. ஆனா முகம் தெரியுது. நெத்தி அப்படியே எனக்கு.

அப்பா போனை வாங்கி, பெருசு பண்ணிப் பண்ணிப் பார்த்தார். "பச்சைச் சேலை"ன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

செலவு ஸ்கேனோட சேர்த்து 600 ரூபாய். 2004லயே குடுத்திருந்தா 29ம் வந்திருக்கும். இந்த வாரம் வீட்டுக்குப் போனா பீரோ மேல, பரண்ல, பழைய சூட்கேஸ்ல ஒரு தடவை பாருங்க. கேமரா இருந்தா நம்பரைப் பாருங்க. மூடியை மட்டும் திறக்காதீங்க.